என்ன உடைஞ்சிருந்தது?

"மிஸ், நான் தயாராயிட்டேனுங்களா?" என்று கோகிலவாணி கேட்டாள்.

சௌடேஸ்வரி ஒரு பழைய கீபோர்டின் பட்டன்களைக் கழற்றித் துணியில் பரப்பி வைத்திருந்தாள். சின்ன பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு?"

"வெள்ளிக்கிழமை சேலத்துல டெஸ்ட்டுங்க மிஸ். சர்வரைப் பார்த்துக்கற வேலை. ஓடிட்டிருக்கிற சர்வர் ஒண்ணைக் கொடுப்பாங்களாம். அதுல எதையாவது உடைச்சு வச்சிருப்பாங்களாம். நாம கண்டுபிடிச்சுச் சரி பண்ணணுமாம்."

"சரி."

"நீங்க சொல்லிக்கொடுத்ததை எல்லாம் செஞ்சு பார்த்துட்டேன். என் மெஷின் நல்லா ஓடுது. அதான் கேட்டேன்."

"இதுவரைக்கும் உன் மெஷின்ல என்னென்ன உடைஞ்சிருக்கு?"

கோகிலவாணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஒண்ணுகூட உடையலைங்க மிஸ்."

சௌடேஸ்வரி பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"அடடா," என்றாள்.

*

நாமக்கல்லில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. கீழே காற்றடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மேலே சௌடேஸ்வரி சர்வர் வேலை கற்றுக்கொடுத்தாள். வாசலில் போர்டு கிடையாது. யாராவது சொல்லக் கேட்டவர்கள்தான் வந்தார்கள்.

கோகிலவாணியின் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அப்பா கோழிப் பண்ணையில் முட்டை அடுக்குபவர். வீட்டில் ஒரே ஒரு லேப்டாப். அண்ணனின் கல்யாண வீடியோ அதில்தான் இருந்தது. வீட்டுப் பத்திரத்தின் நகலும் அதில்தான் இருந்தது. விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போடலாம் என்று யாராவது சொன்னாலே லேப்டாப்பை மூடி வைத்துவிடுவாள்.

அவள் முதன்முதலில் இந்த அறைக்கு வந்தபோது அதைத்தான் சொன்னாள். "எனக்கு லினக்ஸ் கத்துக்கணுங்க மிஸ். ஆனா லேப்டாப்ல எதுவும் போயிடக் கூடாது."

சௌடேஸ்வரி லேப்டாப்பை வாங்கி, அதற்குள் ஒரு விர்ச்சுவல் மெஷின் அமைத்துக் கொடுத்தாள்.

விண்டோஸுக்கு நடுவில் ஒரு கட்டம் திறந்தது. அந்தக் கட்டத்துக்குள் லினக்ஸ் கண் விழித்தது. அதற்கென்று சொந்த நினைவகம், சொந்த டிஸ்க். தான் ஒரு லேப்டாப்புக்குள் இருக்கும் சின்னக் கட்டம் என்பது அதற்குத் தெரியாது. முழுக் கம்ப்யூட்டர் என்றே நினைத்துக்கொண்டு வேலை செய்தது.

"இதுக்குள்ள என்ன ஆனாலும் கல்யாண வீடியோவுக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?"

"ஆகாது."

"இதையே நான் கெடுத்துட்டேன்னா?"

சௌடேஸ்வரி அவளுக்கு ஸ்னாப்ஷாட் எடுக்கக் கற்றுக்கொடுத்தாள். ஒரு பட்டனை அழுத்தினால், அந்த நிமிடம் மெஷின் எப்படி இருக்கிறதோ அப்படியே பதிந்துவிடும். பிறகு என்ன கெட்டுப்போனாலும் அந்த நிமிடத்துக்குத் திரும்பிவிடலாம்.

அதைப் பார்த்த அன்று கோகிலவாணி நன்றாகத் தூங்கினாள்.

சௌடேஸ்வரி பின்னால் பலமுறை யோசித்தாள், அதை அவ்வளவு சீக்கிரம் காட்டியிருக்க வேண்டியதில்லையோ என்று.

*

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் தன் மெஷினுக்குள் இன்னொருவருக்கு ஓர் இடம் கொடுக்க வேண்டும். தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு. வந்தவர் தன் இடத்தில் உட்கார்ந்தபடியே இவருடைய மெஷினுக்குள் நுழைந்து வேலை செய்வார்.

"எதுக்குங்க மிஸ்?" என்று கோகிலவாணி ஆரம்பத்தில் கேட்டாள்.

"ஆள் இல்லாத சர்வர் எங்க இருக்கு?"

கோகிலவாணியின் மெஷினில் இடம் பெற்றவர் மாதேஸ்வரன். லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. சௌடேஸ்வரியைவிடப் பதினைந்து வயது பெரியவர். ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒருமுறை நின்றுபோய், ஒரு வாரத்து புக்கிங் மொத்தமும் காணாமல் போனது. திட்டு வாங்கியவர் அவர். அடுத்த நாளே இங்கே வந்து சேர்ந்தார்.

"நான் உன் மெஷினுக்கு வந்த ஒறம்பரை, அம்மிணி," என்பார், விருந்தாளி என்ற பொருளில். "காப்பித் தண்ணி வேண்டாம். பாஸ்வேர்டை மட்டும் மாத்திப்போடாதே."

*

"ஒண்ணுமே உடையலையா?" என்று சௌடேஸ்வரி மறுபடி கேட்டாள்.

"உடையற மாதிரி இருந்தா உடனே பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிடுவேனுங்க. ஒவ்வொரு வேலைக்கும் முன்னாடி ஒண்ணு எடுத்து வச்சுக்குவேன்."

"காட்டு."

கோகிலவாணி காட்டினாள். திரை நிறையப் பெயர்கள் இருந்தன. சௌடேஸ்வரி பார்த்தாள்.

பிறகு லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். சில எழுத்துகளை அடித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"சரி பண்ணு. நான் கீழ இருக்கேன்."

படிகளில் அவள் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது.

கோகிலவாணி தன் இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அன்றன்றைய முட்டை விலையைக் காட்டும் பக்கம் அது. பயிற்சிக்காக அவளே செய்தது. திறக்கவில்லை. வெள்ளையாக இருந்தது.

சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டினாள். திறக்கவில்லை.

மெஷினையே நிறுத்தி மறுபடி ஓட்டினாள். திறக்கவில்லை.

கீழே டயரில் காற்று ஏறும் சத்தம் பெரிதாகிக்கொண்டே போவதுபோல இருந்தது.

வெள்ளிக்கிழமையும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள். அது தவறிப்போனால் முட்டை மண்டி. அங்கே பில் போட ஆள் கேட்டிருந்தார்கள். அப்பாவின் முதலாளி சொல்லி வைத்த இடம். சனிக்கிழமை மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பா "உனக்குத் தெரியும் கண்ணு" என்று மட்டும் சொன்னார். அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது. இதெல்லாம் தெரிந்தவர் என்று வீட்டில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை.

கடைசியாக எடுத்த ஸ்னாப்ஷாட் அன்று காலையில் எடுத்தது. அதைத் தேர்ந்தெடுத்தாள். 'திரும்பு' என்பதை அழுத்தினாள்.

முட்டை விலை வந்துவிட்டது.

*

"மிஸ், சரியாயிடுச்சு!"

சௌடேஸ்வரி டீ டம்ளரோடு மேலே வந்தாள். திரையைப் பார்த்தாள்.

"என்ன உடைஞ்சிருந்தது?"

கோகிலவாணி திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"வந்து... பேஜ் திறக்கலைங்க."

"அது உனக்குத் தெரிஞ்சது. என்ன உடைஞ்சிருந்தது?"

"தெரியலைங்க மிஸ்."

"எனக்குக் காட்டு."

"இப்ப இல்லைங்களே. திரும்பிட்டேன்." அவள் குரல் இறங்கியது. "நீங்க என்ன பண்ணுனீங்கன்னு சொல்லுங்க மிஸ். நான் தெரிஞ்சுக்கறேன்."

"அதையா கேக்கறே? அது போயிடுச்சு அம்மிணி. நீதான் அனுப்பி வச்சே."

அப்போது மாதேஸ்வரன் முகம் கழுவிவிட்டு வந்தார். துண்டால் துடைத்துக்கொண்டே தன் இடத்தில் உட்கார்ந்தார். பிறகு துடைப்பதை நிறுத்தினார்.

"அம்மிணி."

"என்னங்கண்ணா?"

"என் புரோகிராமைக் காணோம்."

காலையிலிருந்து அவர் எழுதிக்கொண்டிருந்தது அது. தினமும் ஆபீஸ் மூடும்போது அன்றைய புக்கிங்கை இன்னொரு டிஸ்க்கில் தானாகவே நகல் எடுத்து வைக்கும் ஒரு சின்ன புரோகிராம். மாலையில் கொண்டுபோய் ஆபீஸில் போடுவதாகச் சொல்லியிருந்தார்.

கோகிலவாணிக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவளுடைய வேலை காலையிலேயே முடிந்திருந்தது. அதனால் காலைக்குப் பிறகு ஸ்னாப்ஷாட் எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை. உள்ளே இன்னொருவர் எழுதிக்கொண்டிருந்தார்.

"நான்தாங்கண்ணா," என்றாள். "நான் காலைக்குத் திரும்பிட்டேன். உங்களையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போயிட்டேன்."

மாதேஸ்வரன் சௌடேஸ்வரியைப் பார்த்தார்.

"எனக்கும் தோணலைங்க," என்றாள் சௌடேஸ்வரி. "நீங்க உள்ள இருக்கீங்களான்னு நானும் பார்க்கலை. பார்த்துட்டு உடைச்சிருக்கணும்."

மாதேஸ்வரன் திரையில் இன்னொரு முறை தேடிப் பார்த்தார்.

"ஒறம்பரைக்கு வந்தவனை ஒரு வார்த்தை கேக்காம வெளிய தள்ளிட்டீங்களே, ரெண்டு பேரும்," என்றார் மாதேஸ்வரன். துண்டைத் தோளில் போட்டார். "போச்சாது போ, மறுபடி எழுதிக்கறேன். டீ சொல்லு."

அவர் மறுபடி எழுத ஆரம்பித்தார்.

கோகிலவாணி டீ வாங்கி வந்து அவர் பக்கத்திலேயே நின்றாள். போகத் தோன்றவில்லை. அவர் அழுவார் என்றோ திட்டுவார் என்றோ எதிர்பார்த்தாள். அவர் வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு அடித்தார். இரண்டு இடத்தில் நின்று தலையைச் சொறிந்தார். டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டார்.

ஓட்டிப் பார்த்தார். ஓடியது.

"எப்படிங்கண்ணா இவ்வளவு சீக்கிரம்?"

"காலையில எழுதினதுல பாதிதான் வந்திருக்கு. ஆனா ஓடுது." அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "காலையில ஒவ்வொரு இடத்துலயும் முட்டி முட்டி எழுதினேன். எங்கெங்க முட்டும்னு இப்பத் தெரியுமே."

கோகிலவாணி தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். முட்டை விலை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெகு நேரம் கழித்து, "மிஸ், மறுபடி உடைச்சுக் கொடுக்கறீங்களா?" என்றாள்.

"நாளைக்கு வா."

*

மறுநாள் வியாழன்.

"மொதல்ல இதையெல்லாம் அழி," என்றாள் சௌடேஸ்வரி. ஸ்னாப்ஷாட்டுகளைக் காட்டினாள்.

"எல்லாத்தையுமாங்க?"

"எல்லாத்தையும்."

"இதை அழிச்சா இப்ப ஓடிட்டிருக்கிறதும் சேர்ந்து போயிடாதுங்களா?"

சௌடேஸ்வரி கீபோர்டு பட்டன்களைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஸ்னாப்ஷாட் எடுக்கறது தப்புங்களா மிஸ்?"

"யார் சொன்னா?"

"அப்புறம் ஏன் அழிக்கச் சொல்றீங்க?"

"இன்னிக்கு உனக்கு அது வேண்டாம்."

கோகிலவாணி முதல் ஸ்னாப்ஷாட்டில் சுட்டியை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். மாதேஸ்வரன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பின்னால் உட்கார்ந்தார்.

"நான் படிக்கறேன், நீ அழி," என்றார். "'எல்லாம் சரி.'"

அழித்தாள். அது மெதுவாகப் போனது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"'எல்லாம் சரி புதுசு.'"

அழித்தாள்.

"'இதுவரைக்கும் சரி.' 'மத்தியானம் சாப்பிடறதுக்கு முன்னாடி.' சாப்பிடறதுக்கு முன்னாடியுமா அம்மிணி? சாப்பிட்டா என்ன உடையும்?"

"சிரிக்காதீங்கண்ணா."

"முட்டை அடுக்கற வீட்டுப் பொண்ணுன்னு தெரியுது. 'இதான் கடைசி.' 'இதான் நிஜமாவே கடைசி.' 'தொடாதே.'"

"யாரைத் தொட வேண்டாம்னு எழுதினே?" என்றாள் சௌடேஸ்வரி, நிமிராமல்.

"என்னைத்தாங்க மிஸ்."

கடைசியாக ஒன்று இருந்தது. மாதேஸ்வரன் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. குனிந்து பார்த்துவிட்டுப் பின்னால் சாய்ந்துகொண்டார்.

'பயப்படாதே' என்று இருந்தது.

சிறிது நேரம் அதைப் பார்த்தாள். அழித்தாள்.

முட்டை விலைப் பக்கத்தைத் திறந்தாள். விலை இருந்தது. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது.

"போகலைங்க மிஸ்," என்றாள் மெல்ல.

"இப்ப உடைக்கணும். யார் உடைக்கறது?"

"நானுங்க," என்று மாதேஸ்வரன் கையைத் தூக்கினார். "எனக்குத்தான் நேத்திக்கு பாக்கி இருக்கு."

*

மாதேஸ்வரன் சந்தோஷமாக உடைத்தார். பக்கம் வெள்ளையானது.

கோகிலவாணி சர்வரை நிறுத்தி ஓட்டினாள். 'நன்றாக ஓடுகிறேன்' என்றது சர்வர். பக்கம் மட்டும் திறக்கவில்லை.

"நல்லா ஓடுதாம் மிஸ். ஆனா ஓடலை."

சௌடேஸ்வரி இன்னொரு பட்டனை மாட்டினாள்.

நெட்வொர்க்கில் ஏதாவது இருக்குமோ என்று அதில் கை வைத்தாள். ஒரு வரியை மாற்றினாள்.

"ஏனுங் அம்மிணி," என்றார் மாதேஸ்வரன் தன் இடத்திலிருந்து. "நான் உடைச்சதை நீ கண்டுபிடிக்கறியா, இல்ல நீ ஒண்ணு உடைக்கறியா? என்னை வெளிய தள்ளிருச்சு."

"ஐயோ, நான் இல்லைங்கண்ணா... நான்தான்."

திரும்பிப் போக எதுவும் இல்லை. அவள் கை பழக்கத்தில் ஸ்னாப்ஷாட் பட்டனுக்குப் போய், அங்கே காலியாக இருப்பதைப் பார்த்துத் திரும்பி வந்தது.

தான் எதை மாற்றினோம் என்று யோசித்தாள். மாற்றியது ஒரே வரி. அது நினைவில் இருந்தது. பழையபடி எழுதினாள்.

"வந்துட்டேன், வந்துட்டேன்," என்றார் மாதேஸ்வரன். "செருப்பை வெளிய விட்டுட்டு வரேன்."

கோகிலவாணி சிரித்துவிட்டாள். சிரித்ததும் தோள் கொஞ்சம் இறங்கியது. அவளே உடைத்த ஒன்றை அவளே சரி செய்திருந்தாள். அதை அவள் கவனிக்கவில்லை. சௌடேஸ்வரி கவனித்தாள்.

"மிஸ், எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியலைங்க."

"அதையே கேளு."

"எதைங்க?"

சௌடேஸ்வரி அவள் லேப்டாப்பைக் காட்டினாள்.

கோகிலவாணி மெஷினின் லாகைத் திறந்தாள். ஒவ்வொரு நிமிடமும் தான் என்ன செய்கிறோம் என்று சர்வர் தானே எழுதி வைத்துக்கொள்ளும் இடம் அது. இத்தனை நாளில் அவள் அதைத் திறந்ததே இல்லை. திறக்க வேண்டிய தேவை வந்ததில்லை. வரி வரியாக இருந்தது. பொடி எழுத்து. முதலில் கண் இருட்டியது. பிறகு ஒரு வரியில் நின்றது.

படித்தாள். மறுபடி படித்தாள்.

"அண்ணா, வாசல் நம்பரை மாத்திட்டீங்களா?"

மாதேஸ்வரன் கூரையைப் பார்த்தார்.

சர்வர் ஒரு குறிப்பிட்ட எண்ணில்தான் காத்திருக்கும். வருகிறவர்கள் அந்த எண்ணில்தான் வந்து கதவைத் தட்டுவார்கள். மாதேஸ்வரன் அந்த எண்ணை மாற்றி எழுதியிருந்தார்.

"சர்வருக்கு ஒண்ணுமே ஆகலைங்க மிஸ்! அது நல்லாத்தான் இருந்திருக்கு. வேற வாசல்ல போய் உட்கார்ந்துட்டு, யாரையும் காணோமேன்னு காத்துட்டு இருந்திருக்கு. அதை எழுதியும் வச்சிருக்கு, பாருங்க. 'இங்க காத்திருக்கேன்'னு. நான்தான் வேற இடத்துல தட்டிட்டு இருந்தேன்."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். எழுந்தது அவளுக்கே தெரியவில்லை.

எண்ணை மாற்றினாள். முட்டை விலை வந்தது.

"அண்ணா, இன்னொண்ணு உடைங்க."

"எனக்கு ஆபீஸ் இருக்குது அம்மிணி."

"ஒண்ணே ஒண்ணுங்கண்ணா."

*

சனிக்கிழமை காலை. கீழே டயர் கடையை அப்போதுதான் திறந்திருந்தார்கள்.

கோகிலவாணி படியேறி வந்தாள். தோளில் பை, மடக்கிய குடை, கையில் ஒரு துணிப்பை. மூச்சு வாங்கியது. நாற்காலியில் உட்கார்ந்து துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

மாதேஸ்வரன் ஏதோ கேட்க வாயெடுத்தார். சௌடேஸ்வரி முந்திக்கொண்டாள்.

"என்ன உடைஞ்சிருந்தது?"

கோகிலவாணியின் முகம் மலர்ந்தது.

"டிஸ்க்கு நிறைஞ்சிருந்ததுங்க மிஸ்! ஆனா அது அப்புறம்தான் தெரிஞ்சுது. மொதல்ல இருந்து சொல்றேன்."

"சொல்லு."

"ஆளுக்கு ஒரு மெஷின் கொடுத்தாங்க. எல்லாம் விர்ச்சுவல் மெஷின்தான். ஒரு மேடம் வந்து சொன்னாங்க, 'உடைஞ்சிருக்கு, பாருங்க. நேத்து ராத்திரி எடுத்த ஸ்னாப்ஷாட் ஒண்ணும் இருக்கு, வேணும்னா பயன்படுத்திக்கலாம்'னு. சொல்லிட்டு வெளிய போயிட்டாங்க."

"ஓ," என்றார் மாதேஸ்வரன்.

"பக்கத்து சீட்டுல ஒரு பையன். டீ குடிக்கற நேரம்கூட ஆகலை, எழுந்து போயிட்டான். அவன் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிட்டான்னு தெரிஞ்சுது."

"அவன் என்ன ஆனான்?"

"தெரியலைங்கண்ணா. நான் அதுக்கப்புறம் அவனைப் பார்க்கலை." அவள் துணிப்பையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் கை போச்சுங்க மிஸ். பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பட்டன்கிட்ட போயிருச்சு. அப்ப அண்ணன் துண்டால முகம் துடைச்சது ஞாபகம் வந்துச்சு."

மாதேஸ்வரன் தன்னையறியாமல் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

"உள்ள யாராவது இருக்காங்களான்னு பார்த்தேன். ஒருத்தர் இருந்தாங்க. ஏதோ எழுதிட்டு இருந்தாங்க. யாருன்னு தெரியலை. டெஸ்ட்டுக்காகச் சும்மா வச்ச ஆளோ என்னவோ. இருந்தாலும் எழுதிட்டு இருக்காங்களே."

"சரி."

"அதனால அவங்களுக்கு ஒரு வரி அனுப்பினேன். 'இந்த சர்வர்ல ஒரு கோளாறு, பார்த்துட்டு இருக்கேன், உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது'ன்னு. அனுப்பினதுக்கு அப்புறம்தான் பயம். ஆகாதுன்னு நான் எப்படிச் சொன்னேன்?"

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தேன்."

மாதேஸ்வரன் முன்னால் சாய்ந்தார். "எப்ப? சரி பண்ணுன பின்னாடியா?"

"இல்லைங்கண்ணா. முன்னாடியே."

"உடைஞ்சு கிடக்கறதையா?"

"ஆமாங்கண்ணா. உடைஞ்சதைத்தான்."

சௌடேஸ்வரி இப்போதுதான் முழுதாக நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"எதுக்கு?"

"நான் தப்பா எதையாவது தொட்டுக் கெடுத்துட்டா, என்ன உடைஞ்சிருந்ததுன்னு தெரியாமயே போயிடுமில்லைங்களா மிஸ்."

கீழே காற்றடிக்கும் மெஷின் ஓட ஆரம்பித்தது. மூவரும் அது நிற்கும்வரை காத்திருந்தார்கள்.

"அதுக்கு என்ன பேர் வச்சே?" என்று சௌடேஸ்வரி கேட்டாள்.

"'இப்ப இப்படி இருக்கு'ன்னுங்க."

சௌடேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். மாட்டி முடித்த கீபோர்டைத் துணியால் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"அதுக்கப்புறம் லாகைப் பார்க்கலாம்னு போனேன். அது பாதியில நின்னு போயிருந்துச்சு. ஒரு வரி பாதி வார்த்தையில அறுந்து கிடக்குது. எனக்கு ஒண்ணும் புரியலை. எழுதறவன் ஏன் பாதியில நிறுத்துவான்? பேனா தீர்ந்திருக்கும், இல்லேன்னா தாள் தீர்ந்திருக்கும். அப்பத்தான் டிஸ்க்கைப் பார்த்தேன். எள்ளு போட இடமில்லை மிஸ்! அந்த லாக் இருக்குதில்லைங்களா, அதேதான். அதுவே எழுதி எழுதி, வீடு முழுக்க அடைச்சு, கடைசியில தான் எழுதறதுக்கே இடம் இல்லாம நின்னிருக்கு."

"அட!" என்றார் மாதேஸ்வரன்.

"அதை அப்படியே தூக்கிப் போட மனசு வரலை. கடைசிக் கொஞ்சத்தை மட்டும் எடுத்து வச்சுட்டு மிச்சத்தைக் காலி பண்ணினேன். அதனாலயே நின்னு போயிருந்த டேட்டாபேஸை, தகவலை எல்லாம் வச்சிருக்கிறதை, ஓட்டினேன். ஓடலை. அது பாதியில நின்னப்ப விழுந்த ஒரு பூட்டு அப்படியே கிடந்துச்சு. அதை எடுத்தேன். ஓடுச்சு. மறுபடி இப்படி நிறையாம இருக்க என்ன பண்ணலாம்னு பார்த்தேன், அதுக்கு ஒரு வழி இருக்குதுங்க மிஸ், தினமும் பழசைச் சுருட்டி வைக்கற மாதிரி. நம்ம மெஷின்லயும் அது இல்லை தெரியுங்களா? இன்னிக்கே போட்டுடலாம். பஸ்ஸுல வர்றப்பவே யோசிச்சேன். அண்ணன் ஆபீஸ்லயும் போடணும், இல்லேன்னா இவர் எடுக்கற நகலே ஒரு நாள் டிஸ்க்கை அடைச்சுரும்."

"என்னை ஏன் அம்மிணி பயமுறுத்தறே?"

"பயப்படறதுக்கு ஒண்ணுமில்லைங்கண்ணா, எழுதற இடத்தை மட்டும் பார்த்துட்டே இருக்கணும். லேப்டாப்பைக் கொடுங்க, காட்டறேன்."

அவள் தன் நாற்காலியை மாதேஸ்வரன் பக்கம் இழுத்தாள். துணிப்பை மடியிலிருந்து நழுவப் பார்த்தது. பார்க்காமலே ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். மறு கையால் அடிக்க ஆரம்பித்தாள்.

சௌடேஸ்வரி எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றாள். கீழே ஒரு பையன் டயர் உருட்டிக்கொண்டு போனான். நன்றாக வெயில் வந்திருந்தது.

"ஏனுங் அம்மிணி," என்றார் மாதேஸ்வரன்.

"இருங்கண்ணா, இந்த வரி மட்டும்."

"மத்தியானத்துக்குள்ள முட்டை மண்டிக்குப் பதில் சொல்லணும்னியே."

"ஆமாங்க."

"என்ன சொல்லப் போறே? வேலை கிடைச்சுதா இல்லையா?"

கோகிலவாணி அடிப்பதை நிறுத்தினாள்.

இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குனிந்து, கொடுக்க மறந்த இனிப்புப் பெட்டி துணிப்பைக்குள்ளேயே இருப்பதை அப்போதுதான் பார்த்தாள்.